செவுள் பார்த்து வாங்குகிறவள்

சென்ற வாரம் ராயபுரத்தில் ஓர் உணவகத்தில் நூடுல்ஸ் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர் பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர்க் கிண்ணத்தை முன்னால் வைத்தார். வாடை ஏறியதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். மற்றவர்களுக்கு வினிகர் என்றால் ஊறுகாய் நினைவுக்கு வரும். எனக்குக் கர்ப்பப்பை வாய். ஆயுள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி ஒருத்தியைச் சாப்பாட்டு மேசைக்கு எவ்வளவு பொருத்தமானவளாக ஆக்கிவிடுகிறது, பாருங்கள்.

அப்போதெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்கத்தைத் தேட எங்களிடம் இருந்தது நீர்த்த வினிகர்தான். பஞ்சில் தோய்த்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்போம். நல்ல சதை சிவப்பாகவே இருக்கும். சந்தேகமான இடம் வெளுக்கும். இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அந்த நிமிடத்தின் நீளத்தைப் பற்றி மட்டும் எழுதியதில்லை.

காசிமேட்டில் பழைய ஐஸ் கம்பெனிக் கூடத்தில் முகாம். மீன் ஏலம் முடிந்த பிறகுதான் பெண்கள் வருவார்கள், கூடையோடு. மீனும் வினிகரும் சேர்ந்த வாடைக்கு, உள்ளே சமையல் நடக்கிறதென்று ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்ததுண்டு.

தேசம்மா அங்கே மீன் விற்றவள், மூன்று பிள்ளை பெற்றவள். அவளுக்கு வெளுத்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க அடுத்த வாரம் வரச் சொன்னேன். வந்தவள் தேசம்மா என்றுதான் பெயர் சொன்னாள். எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, தொழில் அப்படி. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குக் கர்ப்பப்பை வாய் கீறல் போலிருக்கும், பெறாதவளுக்குச் சின்ன வட்டம். வினிகர் தடவிய பிறகு பார்த்தால் இது வட்டம். வெளுக்கவும் இல்லை.

“யாரும்மா நீ?” என்றேன்.

தங்கை கஸ்தூரியாம். உனக்குத்தான் ஒரு கோளாறும் இல்லையே, என் பேரில் போய் நல்ல ரிசல்ட் வாங்கி வா என்று அக்கா அனுப்பியிருக்கிறாள்.

“எனக்கு வெளுக்கல இல்ல டாக்டரம்மா? அப்போ அக்காவுக்கு ஒன்னும் இல்லதான?”

சிரித்திருக்கலாம். என் கண் முகாம் பதிவேட்டுக்குப் போனது. நான் பெருமையாகக் காட்டிய நல்ல முடிவுகளில் எத்தனை, வேறு யாரோ ஒருத்தியின் உடம்பிலிருந்து வந்தவையோ.

கஸ்தூரியோடு துறைமுகத்துக்குப் போனேன். வஞ்சிரத்தின் சிவந்த செவுளைத் தூக்கிக் காட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்த தேசம்மா, முதலில் தங்கையைத் திட்டித் தீர்த்தாள். மாமியார் இதே நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் துணி சுற்றித்தான் வீடு திரும்பினாள் என்றாள். இப்போதே பார்த்தால் பிழைக்கலாம், விட்டால் உள்ளே பரவிவிடும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். மீனைக் கீழே வைத்தாள்.

“செவுள் பாக்காம நீ மீன் வாங்குவியா? மொதல்ல நீ படு. நான் பாக்கறேன். அப்பால நான் படுக்கறேன்.”

மறுநாள் படுத்தேன். தலைமாட்டில் நிற்கச் சொன்னால் கேட்காமல் தேசம்மா நர்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஈரக் கையால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். உடம்பைத் தளர விடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்குத் தொடை விறைத்துக்கொண்டது. வினிகர் தடவிய நர்ஸ் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பரிசோதனையின்போது பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். என் அம்மாவின் கடைசி நாட்கள், என் எடை குறைந்தது, போன மாதத்து இடுப்புவலி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எந்த வலி எதன் அறிகுறி என்று தெரிந்தவளின் பயம், தெரியாதவளுடையதைவிடப் பெரியது.

“செவப்பாத்தான் கீது,” என்றாள் தேசம்மா. “எந்திரு.”

பிறகு அவள் படுத்தாள். இந்த முறை நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். எடுத்த துணுக்கில் நோய் இருந்தது, ஆனால் ஆழமாகப் போயிருக்கவில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிக் காப்பி கலீஜ் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பல வருடம் கழித்து மாரடைப்பில் போனாள். அதற்கு எங்களிடம் வினிகர் இல்லை.

ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்கள். புதிய முகாம்களில் பெண்கள் திரைக்குப் பின்னால் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். இயந்திரம் பார்த்துச் சொல்லும். வினிகரைவிட நம்பகமான முறை, நானே சிபாரிசு செய்தது. முடிவு செல்போனுக்கு வந்துவிடும். அதைத் திறக்கும் முன் ஒருத்தி அடுப்படியிலோ பஸ்ஸிலோ தனியாக நிற்பாள். அந்த ஒரு நிமிடம் இன்னும் குறையவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொள்ள மீன் செதில் ஒட்டிய கைதான் அங்கே இல்லை.