குகைக்கு வழி சொன்ன பல்லுக்காரர்

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கையால் ஆனது என்று பல்லுக்காரர் சொல்லிக்கொள்வார். அவர் வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சை வைத்துப் பல் செட்டு செய்து கொடுப்பவர். மருந்துக்கடைக்கு மேலே ஒரு நீள அறை, ஜன்னலோரம் மேசை, மேசையில் வரிசையாக பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். பாலிஷ் மோட்டார் ஓட ஆரம்பித்தால் புருவம்வரை வெள்ளைத் தூசி படியும். காலையிலிருந்து மாலைவரை முப்பது வாய்கள் அவரைப் பார்த்துத் திறந்தபடியே இருக்கும். ஆனால் அவர் எழுதுவதைப் பற்றி எந்த வாயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவருடைய ஒரே மனக்குறை.

ஆம், அவர் எழுதுவார். குகை ஆர்வலர் சங்கத்தின் ‘உள்வழி’ இதழுக்குப் பதினோரு வருடமாக அவர்தான் ஆசிரியர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கம்.

அந்தப் பதவி வந்த விதத்தை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அறையில் மின்சார வேலை பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஒருவன், “அண்ணே, ஞாயித்துக்கிழமை குகைக்கு வர்றீங்களா? உடம்புக்கு நல்லது” என்று கூப்பிட்டான். கயிறு கட்டி இறங்குவதில் கெட்டிக்காரன் என்பதால் சங்கத்தில் அவன் பெயரே ‘கயிறு’. பல்லுக்காரர் போனார். தவழ்ந்து போகவேண்டிய மூன்றாவது திருப்பத்தில் தலை போனது, தோள் போனது, தொப்பை மட்டும் வர மறுத்துவிட்டது. கயிறு காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். மற்றவர்கள் திரும்பி வரும்வரை பல்லுக்காரர் வெளியே உட்கார்ந்து பதினான்கு பேருடைய பைகளுக்கும் காவல் இருந்தார். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார்.

சங்கச் செயலாளர் ஒரு கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் சிவப்பு மையை விடாதவர். படித்துவிட்டு, “உள்ள போனவங்களைவிட வெளிய உக்காந்திருந்தவர் நல்லா எழுதியிருக்கார்” என்றார். அது பாராட்டா குத்தலா என்று பல்லுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து இதழ் அவர் தலையில் விழுந்தது. யாருக்குக் கால் சுளுக்கியது, எந்தப் பள்ளியில் வவ்வால் பற்றிப் பேசினார்கள், எந்தக் குழியிலிருந்து எத்தனை மூட்டை குப்பை மேலே வந்தது, யாருடைய இடது கால் பூட்ஸ் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று எல்லாச் செய்தியும் வரும். ‘வாசகர் பக்கம்’ என்று ஒன்றும் உண்டு. அதற்கு ஒரு கடிதமும் வராததால் அதையும் பல்லுக்காரரே எழுதினார். ‘ஒரு வாசகர்’, ‘நலம்விரும்பி’, ‘குகைப்பித்தன்’ என்று வேறு வேறு பெயரில் தன்னையே புகழ்ந்துகொண்டார். சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே கொஞ்சம் திட்டியும் வைத்தார். திட்டுகளைப் படிக்கும்போது அவருக்கே லேசாக வலிக்கும்.

போன மழைக்காலம் முடிந்ததும் சங்கத்தார் ஒரு புதுக் குகைக்குப் போனார்கள். வாசல் அகலம், உள்ளே பெரிய கூடம், கூரையில் முந்நூற்று நாற்பது வவ்வால்கள். எண்ணியவர் டீச்சர், அவர் எண்ணினால் எண்ணியதுதான். இந்தக் குகைக்குள் பல்லுக்காரராலும் நடந்தே போக முடிந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு குகையை உள்ளேயிருந்து பார்த்தார். சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே பேனாவை எடுத்துவிட்டார்.

சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: குகை இருக்கும் இடத்தை அச்சில் சொல்லக்கூடாது. பல்லுக்காரருக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. அதனால் ‘பெயர் சொல்லாத குகை’ என்றே தலைப்புக் கொடுத்தார். பெயரை மறைத்துவிட்ட தைரியத்தில் மற்றதை எல்லாம் ரசித்து ரசித்து எழுதினார். பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபக்கம் திரும்பும் மண்பாதை, மூடிக்கிடக்கும் செங்கல் சூளை, இடி விழுந்து இரண்டாகப் பிளந்த மரம், அங்கிருந்து சரிவில் நாற்பது எட்டு, வண்டியை நிழலில் விடத் தோதான பாறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் காம்பை மட்டும் மறைத்துவிட்டுக் காயை இலை நடுவில் வைத்தார்.

அவர் மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். இதழின் பிழை திருத்தமும் அவர்தான். படித்துவிட்டு, “நல்லாயிருக்குங்க. எனக்கே வழி தெரிஞ்சு போச்சு” என்றார்.

பல்லுக்காரர் பூரித்துப் போனார். எழுத்து என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

இதழ் அச்சானது அறுபது பிரதி. அதில் ஒன்றை யாரோ செல்போனில் படம் எடுத்து அனுப்ப, பத்தே நாளில் அது ஊரைச் சுற்றிவிட்டு அவருடைய குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. ‘ஞாயிறு குடும்பத்தோடு போக அருமையான இடம்’ என்று மேலே ஒரு வரி. கீழே அவருடைய கட்டுரை முழுசாக. ஆசிரியர் பெயரை மட்டும் எவனோ வெட்டியிருந்தான்.

குகைக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் அவருக்கு வரவே இல்லை. இதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். வந்த கோபமெல்லாம் பெயரை வெட்டியவன் மேல்தான். உடனே குழுவில் பதில் போட்டார்: ‘மேற்படி கட்டுரையை எழுதியது அடியேன்தான்.’ பின்னால் ஒரு கைகூப்பு. இருபத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இரண்டாவது மாடிக்காரர், ‘சூப்பர் சார், போன வாரம்தான் போய்ட்டு வந்தோம்’ என்றார். நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் கெட்டதோடு நிற்காமல் கைகூப்பு வேறு போட்டது.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சார், பாலிஷ் வேலையெல்லாம் ஓரமா வச்சிட்டு வாங்க. குகைக்குப் போறோம்.”

பிளந்த மரத்தடியில் ஒன்பது வண்டிகள் நின்றன, அவர் சொன்ன அதே பாறை நிழலில். சரிவெங்கும் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை, உடைந்த ஒற்றைச் செருப்பு. உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள், இதயங்கள், அம்புகள், தேதிகள். சிவப்பிலும் நீலத்திலும் பெயிண்ட். கூடத்தின் நடுவில் யாரோ விறகு மூட்டி எதையோ சுட்டுத் தின்றிருந்தார்கள். கூரை கரிபிடித்துக் கிடந்தது. வவ்வால் ஒன்றுகூட இல்லை.

டீச்சர் விளக்கைத் தாழ்த்தித் தரையைக் காட்டினார். ஒரு குட்டி. இன்னும் முடிகூட முளைக்கவில்லை. பல்லுக்காரர் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. மெழுகில் கடைவாய்ப் பல் வார்க்கும்போது கையில் இருக்குமே, அவ்வளவுதான். தாய் புகைக்குப் பயந்து பறந்திருக்கும். இது பிடி நழுவி விழுந்திருக்கும். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் ஒரு வேரடியில் கையாலேயே மண்ணைப் பறித்துப் புதைத்தார். அன்று முழுக்க அவர் தன்னைப் பற்றி எந்த வேடிக்கையும் சொல்லவில்லை.

அந்த வாரமே கூட்டம் நடந்தது. தையல் பள்ளியின் பின்னறை. மிஷின்களை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பல்லுக்காரர் எழுந்து நின்றார். எழுதி வைத்திருந்த நாலு பக்க மன்னிப்பைப் படிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, இதுலயும் செங்கல் சூளை வருது” என்றான் கயிறு.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். “தப்பு என்னோடதுதான். நான் ஆசிரியர் வேலையை ராஜினாமா பண்றேன். வேற யாராவது எடுத்துக்குங்க.”

யாராவது வேண்டாம் என்று தடுப்பார்கள் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தார். தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் பாசத்தில் அல்ல. ‘யார் எடுத்துக்கறீங்க?’ என்று டீச்சர் கேட்டதும் முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் கைப்பேசி அடித்ததாகச் சொல்லி வெளியே போனார்; அது அடிக்கவே இல்லை.

“ராஜினாமா ஏத்துக்கலை” என்று டீச்சர் நோட்டில் எழுதினார். “சுவரைச் சுத்தம் பண்ற பொறுப்பும் சாரோடது. தின்னர், ஆசிட் எதுவும் கூடாது. அந்தத் தண்ணி கீழ இறங்கிக் கிணத்துக்குப் போகும். பச்சைத் தண்ணி, பிரஷ். அவ்வளவுதான்.”

பிரஷ் விஷயத்தில் மட்டும் பல்லுக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. பல் செட்டு தேய்க்கும் பிரஷ்கள் அவரிடம் கட்டுக்கட்டாக உண்டு. அடுத்த ஞாயிறு பதினெட்டுத் தொண்டர்கள் வரிசையாக உட்கார்ந்து, பாறைக்குப் பல் தேய்த்துவிடுவது போலத் தேய்த்தார்கள். கரி சீக்கிரம் போனது. சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கியது கரைந்தது. பெயிண்டோ உடும்புப் பிடி பிடித்தது. ஓர் எழுத்துக்கு அரைமணி நேரம் ஆனது. நீளமான பெயர் வைத்தவர்களையும், வைத்த பெற்றோரையும் எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள்.

மதியத்துக்கு மேல் பல்லுக்காரர் கூடத்தின் கோடி மூலைக்கு நகர்ந்தார். விளக்கைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலை உயரத்தில், சிவப்பு பெயிண்டில், நிதானமான கையெழுத்தில் இருந்தது:

‘உள்வழி படித்துவிட்டு வந்தோம். கட்டுரை மிக அறுமை. நேரில் பார்த்தது போல இருந்தது. தொடர்ந்து எழுதவும்.’

பதினோரு வருடத்தில் வந்த முதல் வாசகர் கடிதம். திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த இதயங்களையும் அம்புகளையும் ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த நாலு வரியைச் சுற்றி எல்லாம் பளிச்சென்று ஆனபோது, அது சட்டம் போட்டு மாட்டிய மாதிரி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. “அதை மட்டும் ஏன் விட்டிருக்கீங்க?”

“ஈரமா இருக்கு டீச்சர். காயட்டும்னு...”

டீச்சர் விளக்கை உயர்த்தி வாசித்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இது நீங்க எழுதினது இல்லையே?”

வாசகர் பக்கம் யார் எழுதுவது என்று இத்தனை வருடமாகச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதே அந்த நொடியில்தான் பல்லுக்காரருக்குத் தெரிந்தது. பொய்க் கடிதம் அறுபதை வாய் திறக்காமல் படித்தவர்கள், ஒரே ஒரு நிஜக் கடிதம் வந்ததும் சந்தேகப்படுகிறார்கள்.

“என் குழந்தைங்க சத்தியமா இல்ல டீச்சர்!”

டீச்சர் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். “இல்லைதான். அருமைக்கு வல்லின று போட்டிருக்கு. அந்தத் தப்பு நீங்க பண்ண மாட்டீங்க.”

கயிறுக்கு மனசு கேட்கவில்லை. “அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கவா? ஞாபகத்துக்கு.”

“எடுக்கத்தான் வேணும். எல்லா சேதத்தையும் பதிவு பண்றோம்ல” என்றார் டீச்சர். அவர் பக்கத்தில் பிடித்த அட்டையில் ‘சேதம் 17’ என்று எழுதியிருந்தது. அந்தப் படம் இன்றும் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. கோப்பைப் பார்க்க பல்லுக்காரர் அவ்வப்போது ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு போவதுண்டு.

தேய்த்தது அவரேதான். யாரையும் கிட்டே விடவில்லை. அன்று ‘உள்வழி’ போனது. அடுத்த ஞாயிறு ‘நேரில் பார்த்தது போல’ போனது. மூன்றாவது ஞாயிறு முட்டிவலியோடு உட்கார்ந்து மிச்சத்தை முடித்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன், வழி தெரிஞ்சு போச்சுன்னு. உங்களுக்குப் பாராட்டு மட்டும்தான் காதுல விழும்” என்று சொல்லிக்கொண்டே முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

அடுத்த இதழில் மன்னிப்பு வந்தது. ஐந்தே வரி. அவர் எழுதியதில் அதுதான் சிறியது; அதுதான் சிறந்தது என்றும் சிலர் சொன்னார்கள். மரத்தை ஒட்டி நிலத்துக்காரர் வேலி போட்டார். குகை வாசலில் வவ்வால் பறக்க இடைவெளி விட்ட கம்பிக் கதவைச் சங்கத்தார் பொருத்தினார்கள். இப்போது எந்தக் கட்டுரையும் டீச்சரின் சிவப்பு மைக்குத் தப்பாது. ‘ஓரிடத்துக்குப் போனோம். ஒன்றைப் பார்த்தோம். திரும்பி வந்தோம்’ என்ற அளவில் பயணக் கட்டுரைகள் வெளிவருகின்றன.

இந்த வருடம் வவ்வால் எண்ணும் நாளில் பல்லுக்காரர் தானாகவே கையைத் தூக்கினார். சாயங்கால வெளிச்சம் மங்கும் நேரம், கம்பிக் கதவுக்கு வெளியே பாயை விரித்து மல்லாந்து படுத்தார். கையில் அழுத்தினால் எண் கூடும் சின்னக் கருவி. கொஞ்ச தூரத்தில் டீச்சரும் அப்படியே படுத்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு கம்பிகளுக்கு நடுவே கொத்தாகப் புறப்பட்டன. பல்லுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார், அழுத்தினார்.

எல்லாம் ஓய்ந்ததும் டீச்சர் நோட்டைத் திறந்தார். “உங்களுக்கு எவ்வளவு?”

“நூத்தி முப்பத்தொண்ணு.”

“எனக்கு நூத்திப் பன்னெண்டு.”

பல்லுக்காரர் கருவியை இன்னொரு முறை பார்த்தார். “சிலது உள்ள போய்த் திரும்பி வந்துச்சு டீச்சர். அதையும் சேர்த்திருப்பேன்.”

“ஆசைல ரெண்டு தடவை எண்ணியிருப்பீங்க” என்றார் டீச்சர். நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினார்.