ஏரிக்கரையில் பேர் வாசிக்கிறார்கள்

கம்மாபுரம் பக்கம் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களின் பேரை ஊராட்சி ஆள் வாசிக்கிறார். இந்த வேலையால்தான் நடவுக்கு ஆள் இல்லை என்பது அப்பாவின் புலம்பல். எங்கள் வயலின் சேற்று வாசனையும் நடவுப் பெண்களின் குலவையும் இப்போதும் எனக்கு ஏக்கம்தான்.

ஓரமாக நின்ற அக்காவிடம் கேட்கிறேன். "நடவைவிட இங்க கூலி ஜாஸ்தியா?"

"கம்மிதான் தம்பி."

"அப்புறம் ஏன் இங்க வர்றீங்க?"

"அங்க, 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுவாங்க. இங்க, 'அஞ்சலை'ன்னு பேர் சொல்றாங்க. பள்ளிக்கூடம் போவாதவ, இப்பத்தான் 'உள்ளேன் ஐயா'ங்கறேன்."

சிரிக்கிறாள். பஸ் கிளம்புகிறது. எங்கள் வயலில் குலவையிட்டவர்களில் ஒருத்தியின் பேரையாவது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். விருத்தாசலம் வந்துவிட்டது. பேர் வரவில்லை.