கேக்குதா அத்த?

ஊரப்பாக்கம் பெஞ்சமினுக்குக் குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஒரே ஒரு தொல்லை, எதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அவனால் சும்மா இருக்க முடியாது. குழம்பு வைத்தால் உப்பு சரியா என்பான். நாம் வாயில் வைப்பதற்குள் இன்னொரு தடவை கேட்பான். சிறுசேரி ஆபீஸ்களில் யுபிஎஸ் பேட்டரி பார்க்கிற வேலைக்கு இந்தக் குணம் பொருத்தம்தான். வீட்டில்தான் பேஜார்.

அவன் உயிர் ஹாம் ரேடியோவில் இருந்தது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களோடு வானலையில் பேசுகிற பொழுதுபோக்கு. அது மனைவி ஜெனிஃபரையும் தொற்றிக்கொள்ள, அவளும் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். ஞாயிறு காலை செங்கல்பட்டுப் பக்கத்து ஹாம்கள் கூடிப் பேசும்போது அவள் முதன்முதலாகப் பேசப்போகிறாள்.

"எங்கம்மா கேக்கலன்னா நான் பேசியே பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா எல்லம்மாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். ஊரார் வயலில் நாற்று நட்டே மகளைப் படிக்கவைத்தவள். அவளுக்காகப் பெஞ்சமின் ஒரு வழி செய்தான். ஹாம்கள் பேசுவதை அவனிடமிருந்த ஸ்கேனர் என்கிற ரேடியோப் பெட்டி பிடிக்கும். ஸ்கேனரிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்கு, அங்கிருந்து இன்டர்நெட்டுக்கு. எல்லம்மாள் தன் போனில் லிங்க்கைத் தொட்டால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் சோதனை. நாலைந்து ஹாம்கள் அரட்டையில் இருந்தார்கள். பெஞ்சமின் மாமியாருக்குப் போன் போட்டான்.

"அத்த, கேக்குதா?"

"எங்க மாப்ள, கொசு பாடுறா மாதிரி கீது."

ஸ்கேனரில் சத்தத்தை ஏற்றிவிட்டுத் திரும்பப் போன் போட்டான். அதே கொசுதான். ஒயரை மாற்றினான், போன் போட்டான். லேப்டாப்பில் மைக் அளவை முழுசாகத் தள்ளினான். திரையில் பச்சைக் கோடு எகிறிச் சிவப்பைத் தொட்டது. உள்ளே அவ்வளவு சத்தம் போகிறது, வெளியே வருவதோ முனகல். மாமியாரோடு பேசிக்கொண்டே தன் போனிலும் லிங்க்கைத் திறந்து பார்த்தான். அங்கும் அப்படியே. கடைசியில் ஸ்கேனரைப் பிரிக்க ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்ததும் ஜெனிஃபர் குறுக்கே வந்தாள்.

"அதையும் பிரிச்சிட்டீங்கன்னா நாளைக்கு யாருக்குமே கேக்காது."

"இரு, அத்தைய ஒரே ஒரு வாட்டி கேட்டுடறேன்" என்று மறுபடி போன் போட்டான். இந்தத் தடவை எல்லம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா மாப்ள நீ! போன வெச்ச ஒடனே அது நல்லா கத்துதுப்பா. பக்கத்து வூட்டு பாப்பா, சத்தத்த கொறைங்கன்னு வந்து நிக்கிறா. அத சொல்லலாம்னா வுட்டாதான? கேக்குதா கேக்குதான்னு உசுர வாங்குற!"

ஜெனிஃபர் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் பேசும் நேரத்தில் அந்தப் போனே மற்ற சத்தத்தை அமுக்கிவிடுகிறது. பழுது ஒயரிலும் இல்லை, ஸ்கேனரிலும் இல்லை. அசடு வழிய, ஏற்றி வைத்ததையெல்லாம் பெஞ்சமின் பழையபடி இறக்கினான்.

ஞாயிறு காலை ஜெனிஃபர் கையடக்க ரேடியோ செட்டோடு மொட்டை மாடிக்குப் போனாள். பெஞ்சமின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, போனைத் தொடாமல் தவித்த தவிப்பு அவனுக்குத்தான் தெரியும். அவள் குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் தெளிந்தது. கூட்டத்தை நடத்திய பெரியவர், "வாங்க ஜெனிஃபர் மேடம், உங்க குரல் கணீர்னு இருக்கு" என்று வரவேற்றார்.

எல்லாம் முடிந்து அவள் படியிறங்கி ஓடி வந்தாள். "அம்மா கேட்டாங்களா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான். அந்த நேரம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, மேடம்னு ஒருத்தர் கூப்ட்டாரே, அது நம்ம ஜெனியவா?"

"ஆமா அத்த."

எல்லம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் வேல செஞ்ச எடத்துல 'ஏ பொம்பள'ன்னுதான் கூப்டுவாங்க. பேரு கூட சொல்ல மாட்டாங்க" என்றாள். பிறகு, "அவர இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லேன்."

ஜெனிஃபர் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வாராவாரம் சொல்லுவாரும்மா" என்றாள், அழுதுகொண்டே.