சின்னதைப் பெரியதால் வகுப்பது

வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து வெகுநாள் படுத்துவிட்டாள். பள்ளிக்குத் திரும்பியபோது வகுத்தல் பாடம் முடிந்திருந்தது. "விடுடி, நான் போட்டுத் தரேன்" என்று அக்கா அவள் வீட்டுப்பாடத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். உடம்பு தேறிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பள்ளி முடியும்வரை ஓடியது. தேர்வுகளில் வாலு தட்டுத்தடுமாறிக் கரையேறிவிடுவாள்.

விலங்குகள் என்றால் அவளுக்கு உயிர். கல்லூரியில் கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். உறுமுகிற நாய்கூட அவள் கை பட்டால் அடங்கிவிடும். கணக்கு வந்தால் இருக்கவே இருக்கிறாள் அக்கா, போனில்.

செய்முறை அறைக்குள் போன் கூடாது. அன்று மேசைமேல் நாலு கிலோ பூனை. கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் மயக்க மருந்து என்றால் இருபது மில்லிகிராம். அதுவரை சரியாக வந்துவிட்டாள். புட்டியில் ஒரு மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் என்று போட்டிருந்தது. விரல்விட்டு எண்ணி, ஐம்பதை இருபதால் வகுத்தாள். இரண்டரை மில்லியை ஊசியில் இழுத்துக் காட்டினாள்.

விரிவுரையாளர் ஊசியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "ஏம்மா, ஒரு மில்லியிலேயே ஐம்பது இருக்கு. உனக்கு வேணுங்கிறது இருபதுதான். இதைப் போட்டிருந்தா இந்தப் பூனை கண்ணே முழிக்காது."

பூனை ஒன்றும் அறியாமல் அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொரசொரப்பு அவளை ரொம்ப நேரம் விடவில்லை.

கணக்கில் தடுமாறுகிறவர்களுக்குக் கல்லூரியில் ஓர் அறை உண்டு. 'ஒண்ணாங்கிளாஸ்' என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். வாலு இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினாள். பிறகு துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கே சொல்லிக்கொடுத்தவள் இவளைவிடச் சின்னவள், கணிதம் படிக்கிறவள்.

"ஏங்க்கா ஐம்பதை இருபதால வகுத்தீங்க?"

"பெரிசைத்தானே சின்னதால வகுக்க முடியும்?"

"சரி, ரெண்டு ரொட்டி, நாலு பேர். ஒருத்தருக்கு எவ்வளவு?"

"அரை. இதுகூடத் தெரியாதா?"

"இப்ப எதை எதால வகுத்தீங்க?"

"ரெண்டை... நாலால" என்றாள் வாலு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷமாக மூளை மட்டம் என்று தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாளே! படித்திராத ஒரு பாடத்துக்கா அத்தனை திட்டும்?

அன்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். "என்ன கணக்கு, சொல்லு."

"வேணாம்க்கா. இனிமே நான் கேட்டாலும் விடை சொல்லாதே."

"அப்போ நான் செஞ்சதெல்லாம் தப்பா?"

தப்பு என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "நீ இல்லாம எனக்கு வருதான்னு பாக்கணும்க்கா" என்றாள். அக்கா வைத்துவிட்டாள். சில நாள் பேச்சில் உப்புச்சப்பு இல்லை. அப்புறம் அக்காவே, "இன்னைக்கு எந்தக் கணக்கு உன் உயிரை வாங்குச்சு?" என்று கேட்க ஆரம்பித்தாள். விடை மட்டும் சொல்வதில்லை.

பின்னமும் தசமமும் லேசில் பிடிபடவில்லை. புள்ளி தப்பிய இடங்களில் எல்லாம் வாலு மறுபடி முதலிலிருந்து போட்டாள். மருந்தளவுத் தேர்வில் முதல்முறை தோற்றாள். ஒண்ணாங்கிளாஸில் போய் எங்கே பிசகியது என்று பார்த்தாள். அடுத்த முறை தேறினாள். பிரமாதமான மதிப்பெண் ஒன்றுமில்லை.

இப்போது ஒரு விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மருந்து எடுப்பதற்கு முன்னால், ஒரு மில்லிக்கு மேலா கீழா என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்புறம்தான் தாளில் போடுவாள். மருத்துவர் அவசரக்காரர். "இன்னுமா போடுறே?" என்பார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்பாள் அவள், தலை நிமிராமல்.