தாயிக்கு அளந்து கொடுத்த தாது உப்பு

கடைக்கு வந்தால் முதலில் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார் குதிரைக்கார அண்ணன். வேலம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கால்நடை மருந்துக் கடையில் அப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர்தான். மாடு வைத்திருப்பவர்கள் பையின் மேலிருக்கும் பசுவின் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். இவர் கண்ணை மூடிச் சுவைப்பார். பிறகு பையை என் பக்கம் தள்ளி, "எனக்கு இங்கிலீசு ஓடாது தங்கச்சி. இதுல என்னென்ன கெடக்குன்னு ஒண்ணு விடாம படி" என்பார். நான் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் என்று வரிசையாகப் படிப்பேன். தவிடு தின்கிற குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக வேண்டும், பாஸ்பரஸ் அதைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். குதிரைக்கென்று தனியாக வரும் கலவை எங்கள் கடையில் இருக்காது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் அவர் தேர்ந்தெடுத்த ஒன்றையே மாதாமாதம் வாங்குவார். கோடையில் அதனோடு கல்லுப்பும் சேர்த்துக் கொடுப்பார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர் அவர். பட்டறை மூடியதும் ஊருக்குத் திரும்பாமல், சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு வெள்ளைப் பெண்குதிரையை வாங்கினார். மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, புதுக் கடைத் திறப்பு என்று ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது. மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. குதிரையைத் தாயி என்று கூப்பிடுவார். ஊர்வலம் முடிந்து வருகிற வழியில் கடைக்கு முன்னால் நிறுத்தினால், தாயி தலையை உள்ளே நீட்டி என் உள்ளங்கையிலிருக்கும் வெல்லத்தை உதட்டாலேயே எடுத்துக்கொள்ளும். பல் படாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு மெதுவான உதடு.

அந்தப் பங்குனியில் வெயில் கொளுத்தியது. முகூர்த்தங்களும் அடுத்தடுத்து வந்தன. "தாயி செவுத்த நக்குதா தங்கச்சி. வேர்வை காஞ்சு கழுத்துல உப்புக்கோடு விழுந்து கெடக்கு. சத்து எல்லாம் வெளிய போயிட்டு" என்று ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தார். அவர் வழக்கமாக வாங்கும் கலவை தீர்ந்துபோயிருந்தது. கடையில் நல்ல கூட்டம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் ஒருத்தியாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். மூலையில் வாய் பிரித்த ஒரு மூட்டை இருந்தது, கோழிப்பண்ணைக்காரர்களுக்கு வந்த சத்துக் கலவை. தாது உப்பு எதற்கானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று ஒரு பையில் இரண்டு கிலோ அள்ளிப் போட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ருசி வேற மாதிரி இருக்கே. எழுத்தப் படிச்சியா?"

"படிச்சுட்டேங்கண்ணா. சத்துத்தானுங்க, பயப்படாமக் குடுங்க."

நான் படிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து வந்தார். எதுவும் வாங்க வரவில்லை. கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றவர், "தாயி போயிட்டா" என்றார். தீனியில் வாய் வைக்கவில்லையாம். பின்னங்கால் இரண்டும் தள்ளாடினவாம். நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டதாம். வந்து பார்த்த டாக்டர், இதயம் நின்றுவிட்டது என்றாராம். "மொத நாளு உச்சி வெயில்ல தார் ரோட்டுல ஊர்வலம் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரு வேண்டாம்னு சொன்னாவ. நான்தான் கேக்கல. என் புள்ளைய நானே கொன்னுட்டேன்" என்றார். அழவில்லை. என் பதிலுக்காக நிற்கிறவர் போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மூலைக்குப் போய் மூட்டையைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கோழிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்தது, குதிரைகளுக்குக் கொடுக்கக் கூடாது. முதலாளியிடம் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல. எழுத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "வாயத் தொறக்காத கண்ணு. அவரு வெயில்னு நெனச்சுக்கிட்டாரு. அது அப்படியே போவட்டும். சொன்னா மட்டும் குதிர வந்துருமா?" என்றார். எனக்கும் அந்தப் பேச்சுத்தான் வேண்டியிருந்தது.

ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் காய்கறிக் கடையில் குதிரைக்கார அண்ணனின் மனைவியைப் பார்த்தேன். அண்ணன் ஒரு கம்பெனியில் பண்டல் தூக்குகிறார் என்றார். "செருப்புப் போட மாட்டேங்காரு. தாயி நடந்த ரோடுல்லா, காலு சுட்டாச் சுடட்டும்னுதாரு. கொப்புளத்தோடதான் வேலைக்குப் போறாரு" என்று சொல்லிவிட்டுத் தக்காளியைப் பொறுக்கத் தொடங்கினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அண்ணன் வாளி நீரில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோழி மூட்டை, பொடி எழுத்து, படித்துவிட்டேன் என்று நான் சொன்ன பொய். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் உள்ளே திரும்பி, "ஏட்டி, இங்க வா. கேட்டியா? தாயிய நான் கொல்லலியாம்" என்றார். மனைவி ஓடி வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். வாளித் தண்ணீர் அதிர்ந்தது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"தெரியாம நடந்தது தங்கச்சி. அத நான் மன்னிச்சிருவேன். ஆனா நான் கடையில வந்து, நான்தான் கொன்னேன்னு சொல்லும்போது நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

நான் வாசலை விட்டு இறங்கி நடந்தேன்.

இப்போது கடையில் வாய் பிரித்த மூட்டை எதையும் வைக்க விடுவதில்லை. யார் எது கேட்டாலும் கடைசி வரி வரை படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவசரக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நல்ல பொண்ணு, பொறுப்பான பொண்ணு என்று சிலர் முதலாளியிடம் சொல்லிவிட்டும் போகிறார்கள். அண்ணன் அதே கம்பெனிக்குத்தான் போகிறார். காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். கடைக்கு நாலு வீடு முன்னாலேயே எதிர்ப்பக்கம் மாறி, தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுகிறார். என்னைப் பார்க்கப் பிடிக்காததால் அல்ல என்று எனக்குத் தெரியும். பார்த்தால் நான் குன்றிப்போவேன் என்றுதான் அப்படிப் போகிறார்.