வசந்தா அக்காவுக்கு இரண்டு அனுமதி

நான் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலையில் போன். கோவில்பத்திலிருந்து பைக்கில் ஓடினேன்.

வார்டு நர்ஸ் வசந்தா அக்காவை மருந்தகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நேற்றுதான் அவர் பெயரில் வார்டு, மருந்தகம் என்ற இரண்டு அனுமதிகளையும் இணைத்தேன். அதன் பிறகு அவருக்குக் கம்ப்யூட்டர் பக்கமோ, அதோடு இணைந்த மருந்து அலமாரியோ எதுவுமே திறக்கவில்லை. இரண்டு வேலைக்கும் பொதுவானதை மட்டும் திறக்கும்படி புரோகிராம் இருந்தது. பொதுவாக எதுவும் இல்லை.

விடியற்காலையில் காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவர் கையில் கெளுத்தி மீன் முள் குத்தித் துடித்திருக்கிறார். அக்கா அவசரத்துக்கு வைத்திருக்கும் சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து, டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுவிட்டார்.

"ஒங்க மெஷின் தொறக்குற வரைக்கும் அவரு கத்திக்கிட்டே கெடக்கணுமா தம்பி?" என்றார் என்னைப் பார்த்ததும்.

புரோகிராமில் ஒரே ஒரு குறியை மாற்றினேன். இரண்டில் ஏதாவது ஒன்று அனுமதித்தால் போதும். எல்லாம் திறந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது? மருந்து கேக்குறதும் இவங்க, சரின்னு ஒப்புதல் தர்றதும் இவங்களா? மொதல்ல அதப் பூட்டுங்க."

நியாயம்தான். அவர் கேட்டதற்கு அவரே ஒப்புதல் தர முடியாதபடி பூட்டினேன்.

"ராத்திரி டூட்டியில நான் ஒருத்திதானே தம்பி இருப்பேன். யாரு வந்து சரின்னு சொல்லுவா?" என்றார் அக்கா.

மேனேஜர் டூட்டி பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ராத்திரிக்கு மட்டும் பூட்ட எடுத்துருங்க," என்றார். எடுத்துவிட்டு, பசியோடு வீட்டுக்கு வந்தேன்.

அனுமதிகளைச் சரியாக இணைக்கத் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். ராத்திரி டூட்டியில் இன்னொரு நர்ஸை இணைக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து மேனேஜரிடம் சொல்லுங்கள்.