சிலுவை போட்ட கோப்பி கேக்

பாண் கருகினால் எனக்கு மட்டும்தான் வயிறு எரியும், அடுத்தவர் வீட்டுக் கேக் கருகினால் ஒரு குடும்பத்துக்கே எரியும் என்பதுதான் பேக்கரித் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம். தலவாக்கலையில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். கிறிஸ்மஸ் நெருங்கினால் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வீட்டிலேயே கேக் மாவை அடித்து, ட்ரேயில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கேஸ் அடுப்பு இருக்கிறது, கேக் சுடும் போறணை இல்லை. காலைப் பாண் இறங்கியதும், சூடு கொஞ்சம் தணிந்த என் போறணையில் அவற்றைச் சுட்டுக் கொடுப்பேன். தையல்காரர்கள், வாட்ச் ரிப்பேர்காரர்கள், அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அத்தனை பேருக்கும் நான் படும் பாடு சொல்லாமலே புரியும்.

பெயர் எரிந்த கதை

ஆரம்பத்தில் ட்ரேயில் பெயர் எழுதிய துண்டுக் கடதாசி ஒட்டினோம். போறணைக்குள் போனதும் பெயர் எரிந்துவிடும், கேக் மட்டும் திரும்பி வரும். அதனால் போன டிசம்பரில் புதிதாக ஒரு யோசனை சொன்னேன். அவரவர் கேக்கின் மேல் கஜுப் பருப்பால் ஓர் அடையாளம் பதித்துக் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் திகதி பன்னிரண்டு ட்ரே வந்தது. எல்லாம் டவுனில் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு அலுமினிய ட்ரே. பத்தில் சிலுவை. பதினோராவது ஆரோக்கியம் சாருடையது. அதிலும் சிலுவைதான், ஆனால் படித்தவர் என்பதால் நடுவில் ஒரு செர்ரி வைத்திருந்தார். முருகேசு வீட்டார் மட்டும் வேல் போட்டிருந்தார்கள். அந்த ஒரு ட்ரே பற்றி எனக்கு இன்றுவரை எந்தக் கவலையும் இல்லை.

கடைசியாக வந்த ஸ்டெல்லா அக்காவிடம், வேறு எதுவுமே தோன்றவில்லையா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கிறிஸ்மஸ் கேக்குல சிலுவ போடாம வேற என்னத்த தம்பி போடுறது, கோழியா?”

பிராண்டி இல்லாத ட்ரே

ஸ்டெல்லா அக்கா கொழுந்து பறிப்பவர். மற்ற வீடுகளில் ப்ளம்ஸையும் பேரீச்சம்பழத்தையும் பிராண்டியிலோ சாராயத்திலோ ஊறப்போடுவார்கள். இவர் லயத்துக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கோப்பிச் செடியில் பறித்து, வறுத்து, இடித்து, கெட்டியாகக் கோப்பி ஊற்றி அதில் மூன்று நாள் ஊறப்போட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கோப்பி கேக்கா என்று கேலி செய்ய வாய் திறந்தேன். காரணத்தைச் சொன்னதும் மூடிக்கொண்டேன்.

அவருடைய புருஷன் சவரி அண்ணன் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்மஸ் அன்று குடித்துவிட்டு, மருமகன் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையைக் கவிழ்த்தார். மகள் அன்றைக்கே புருஷனோடு வத்தளைக்குப் போய்விட்டாள். அடுத்த கிறிஸ்மஸுக்கு அவள் வரவில்லை. இப்போது மனுஷன் ஒன்பது மாதமாகத் தொடவில்லை. அதைக் கேள்விப்பட்டு மகள் கைக்குழந்தையோடு வருகிறாள்.

ட்ரேயை என் கையில் கொடுத்தும் அக்கா பிடியை விடவில்லை.

“மாத்திக் குடுத்துடாதீங்க தம்பி. கேக்குல இருந்தாலும் சரி, அந்த ருசி மட்டும் அவரு நாக்குல படக்கூடாது.”

கூரை ஒழுகியது

நான் மாற்றவில்லை. போறணையிலிருந்து வந்த வரிசைப்படியே மேசையில் அடுக்கினேன். மூன்று மணிக்கு மழை பிடித்தது, மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. என் மனைவி கமலா ஓடிவந்து, ஒரு சொட்டு கூட விழாமல் பன்னிரண்டையும் காப்பாற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வரிசையை மட்டும் அவளால் காப்பாற்ற முடியவில்லை.

பத்துச் சிலுவைகள், எல்லாம் ஒரே கறுப்பு. வாசனை பார்க்கலாம் என்றால், பதினைந்து வருட விறகுப் புகையில் என் மூக்கு எப்போதோ பென்ஷன் வாங்கிவிட்டது. கமலா மோந்து பார்த்து, எல்லாம் கேக் வாசனைதான் என்றாள். ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது வெட்கமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் ஓரம் வெட்டி ருசி பார்ப்போம் என்று கத்தியை எடுத்தேன். கமலா அதைப் பிடுங்கினாள்.

“விருந்தாளிக்கு வைக்கிற கேக்க எலி கடிச்ச மாதிரி குடுத்தா, பத்து வீட்டுக்கும் நீங்க போயி பதில் சொல்லுவீங்களா?”

சவரி அண்ணன் வந்தார்

அக்கா வருவார், வறுத்த கையே கண்டுபிடிக்கும் என்று நம்பியிருந்தேன். ட்ரே எடுக்க வந்தது சவரி அண்ணன். பொய் சொல்ல வராததால் உள்ளதைச் சொன்னேன்.  அவர் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, “நான் பாக்குறேன்” என்றார்.

வேண்டாம் அண்ணே என்றேன். கேட்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ட்ரேயாகக் குனிந்தார். “இது பிராண்டி.” அடுத்தது. “பிராண்டி.” அடுத்தது. “இது சாராயம்.” நான்காவதில் நிமிரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கமலா என் கையைப் பிடித்தாள். எனக்குப் பயமாக இருந்தது, நான் செய்த தவறுக்கு இந்த மனுஷன் இப்படி நிற்கிறாரே என்று கூசியது. “நல்ல சாராயம்” என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விடச் சொல்லித் தோட்டத்தில் கூட்டம் நடத்துபவர் ஆரோக்கியம் சார். செர்ரி வைத்த ட்ரேக்கு முன்னால் குனிந்த சவரி அண்ணன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார். “இதுலதான் ஆகக் கூட. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

ஒன்பதாவது ட்ரேயில் அவர் முகம் தளர்ந்தது. பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டார்.

“இதாங்க. எங்க ஸ்டெல்லா கோப்பிய எப்பவும் கொஞ்சம் கருக்கித்தான் வறுப்பா.”

பாண் வாங்க வந்தவர்

மற்ற ஒன்பது சிலுவைகளும் சரியான வீட்டுக்குத்தான் போயினவா என்று எனக்குத் தெரியாது. யாரும் குறை சொல்லவில்லை. ஆரோக்கியம் சார் மட்டும் வந்து, கேக் அருமையாக வந்திருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாளும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் சவரி அண்ணன் வந்தார். தோளில் ஒரு கைக்குழந்தை, அது அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அவர் வீட்டுக்கு ஒரு பாண்தான். ஒன்றைச் சுற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நாலு குடுங்க தம்பி. மக புது வருசம் முடிஞ்சுதான் போவாளாம்.”

பதினைந்து வருடமாகப் போறணைக்கு முன்னால் நிற்கிற எனக்கு, கேக்கை எப்போது வெளியே எடுப்பது என்பதைத் தவிர கேக்கைப் பற்றி வேறொன்றும் தெரியாது.